பெயர் பொறித்த பதக்கமும் எண் பொறித்த தகரமும்

இலங்கை மலையகத்தில் பழைய பதக்கம் ஒன்று கைக்கு வந்தால் கூடவே இரண்டு கேள்விகள் வந்துவிடும். இது என்ன? எவ்வளவுக்குப் போகும்? முதல் கேள்விக்குப் பொறுமையாக விடை தேடுவோர் குறைவு. ‘ராணித் தலை போட்டது’, ‘ராசாத் தலை போட்டது’ என்பதோடு அடையாளம் காணும் வேலை முடிந்துபோகிறது. இரண்டாம் கேள்விக்கு மட்டும் ஆளுக்கொரு விடை கிடைக்கும்: நூறு வருடம் பழையது, ஆகவே அபூர்வம்; வெள்ளியில் செய்தது, ஆகவே அபூர்வம்; ஊரில் வேறு யாரிடமும் இல்லை, ஆகவே அபூர்வம். மூன்று காரணங்களும் பிழை. எத்தனை அடித்தார்கள் என்ற நாணயச்சாலைக் கணக்கும் தனியாக நின்று எதையும் முடிவு செய்வதில்லை. எத்தனை பேர் அதைப் பத்திரப்படுத்தினார்கள், எதற்காகப் பத்திரப்படுத்தினார்கள், எத்தனை பேர் எறிந்துவிட்டார்கள் என்பதே ஒரு பொருளை அரிதாக்குகிறது. இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைவிட நல்ல இடம் கிடைக்காது. இங்கே ஒரே மலைக்கு இரண்டு வகையான உலோகம் வந்து சேர்ந்தது. ஒன்று பட்டுத்துணி விரித்த பெட்டிக்குள் தோட்டத் துரையின் பங்களாவுக்குப் போனது. மற்றொன்று ஆளின் உடம்போடு கயிற்றில் தொங்கி, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போனது.

அடையாளம் காண்பது பெயரிடுவதில் தொடங்குகிறது. பதக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் வட்ட உலோகத்துக்குள் பல சாதிகள் உண்டு. முடிசூட்டு, வெள்ளிவிழா போன்ற நிகழ்ச்சிகளுக்காக வெளியிட்டது நினைவுப் பதக்கம். களத்துக்குப் போனவருக்கு அரசு கொடுத்தது போர்ப் பதக்கம். பொருட்காட்சியில் தேர்வு பெற்ற சரக்குக்குக் கொடுத்தது பரிசுப் பதக்கம். வேலைக்கும் கூலிக்கும் கணக்கு வைக்க நிறுவனங்கள் அடித்துக்கொண்டது டோக்கன். இவற்றில் எது என்று தெரியாமல் அரிது, மலிவு என்று பேசுவதில் பொருளில்லை. நினைவுப் பதக்கத்திலும் இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும். அரசு தன் கணக்கில் அடித்து, பெயர்ப் பட்டியல் வைத்து, நாடாவோடு வழங்கியது ஒன்று. பர்மிங்காம் போன்ற ஊர்களின் தொழிற்சாலைகள் வியாபாரத்துக்காக ஈயம் கலந்த வெள்ளை உலோகத்தில் கூடை கூடையாக அடித்துத் தள்ளியது மற்றொன்று. 1887, 1897 விக்டோரியா விழாக்களுக்கும் 1902, 1911 முடிசூட்டுகளுக்கும் இந்த இரண்டாம் வகை சாம்ராஜ்யம் முழுவதும் பரவிக் கிடந்தது. இரண்டிலும் ஒரே தலைதான் இருக்கும். தலையைப் பார்த்து மதிப்பிடுகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

ஆகவே முன்பக்கத்தை விட்டு முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றின் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய எழுத்தில் பதிந்திருக்கும். பெயரை அழித்து வேறு பெயர் போட்டிருந்தால் அந்த இடம் அராவப்பட்டிருக்கும். விட்டத்தை அளந்தால் ஒரு திசையில் மட்டும் மயிரிழை குறையும். அச்சில் அடித்த பதக்கத்தின் எழுத்து ஓரம் கூர்மையாக நிற்கும். அதை வைத்து மண்ணிலோ ரப்பரிலோ வார்ப்பு எடுத்துச் செய்த போலி, உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். முகத்தில் ஊசிமுனைக் குழிகளும் விளிம்பில் அச்சு சேர்ந்த தழும்பும் தெரியும். நகைக்கடைத் தராசும் மில்லிமீட்டர் அளவுகோலும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். மிச்சப் பாதியை நம் வீட்டு வழக்கமே கெடுக்கிறது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்தால் நூறு வருடக் களிம்போடு எழுத்தின் கூர்மையும் போய்விடும். பளபளக்கும் பதக்கம் பூசையறைக்கு அழகாக இருக்கலாம். ஆய்வுக்கு அது முகம் தேய்ந்த சாட்சி.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். 1911 டெல்லி தர்பாருக்காக அடித்த வெள்ளிப் பதக்கங்கள் 26 ஆயிரத்துக்கும் மேல். ஐந்தாம் ஜார்ஜின் 1935 வெள்ளிவிழாப் பதக்கம் 85 ஆயிரத்துக்கும் மேல். ஆறாம் ஜார்ஜின் 1937 முடிசூட்டுப் பதக்கம் 90 ஆயிரத்தைத் தாண்டியது. கணக்கைப் பார்த்தால் தர்பார் பதக்கமே அரிது என்று தோன்றும். ஆனால் இவை சாம்ராஜ்யம் முழுவதற்குமான எண்ணிக்கைகள். இலங்கையில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, அதில் மலைநாட்டுக்கு எத்தனை வந்தது என்பதை இந்த எண்கள் சொல்லமாட்டா. மேலும் இந்த மூன்றும் விளிம்பில் பெயர் இல்லாமலே வழங்கப்பட்டவை. கூட வந்த பட்டயக் கடிதம் தொலைந்துவிட்டால் நுவரெலியாவில் கிடைத்த 1935 பதக்கத்துக்கும் லண்டன் கடைத்தெருவில் கிடைத்த 1935 பதக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. பதக்கம் பொதுவானது, அதோடு சேர்ந்த கடிதமே தனித்துவமானது. கடிதத்தைக் கரையானுக்கு விட்டுவிட்டு வெள்ளியை மட்டும் அலமாரியில் வைக்கும் குடும்பம், அரிதானதை இழந்து மலிவானதைக் காத்துக்கொண்டிருக்கிறது.

விளிம்பின் கதையை இதைவிடத் தெளிவாகச் சொல்வது முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. பின்பக்கம் குதிரை மேல் ஆடையில்லாத வீரன், குதிரையின் காலடியில் பிரஷ்யக் கழுகுக் கேடயம், மண்டையோடு. 36 மில்லிமீட்டர் விட்டம், வெள்ளி. சுமார் 65 லட்சம் அடிக்கப்பட்டது. இதைவிட மலிந்த வெள்ளிப் பதக்கம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் 1900-இல் தோட்டத் துரைமார்களைக் கொண்டு அமைத்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிலிருந்து 1914-இல் எகிப்துக்குக் கப்பல் ஏறியவர்கள் எட்டு அதிகாரிகளும் 229 வீரர்களும்தான். அவர்கள் சூயஸ் கால்வாய்க் காவலில் நின்றார்கள்; பிறகு கலிப்பொலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைத் தளபதிக்கு மெய்க்காவலாக இருந்தார்கள். பலர் வேறு படைப்பிரிவுகளில் அதிகாரிகளானதால் அவர்களின் பதக்க விளிம்பில் தோட்டப் படையின் பெயர் ஏறவில்லை. ஆகவே 65 லட்சத்தில் அந்தத் தோட்டப் படையின் பெயரைத் தாங்கிய விளிம்புகள் மிகச் சில. 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை எகிறியபோது இந்தப் பதக்கங்களை எடைக்குப் போட்டு உருக்கியவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். உருக்கியவர் விளிம்பைப் படித்திருக்க மாட்டார். முன்பக்கத்துக்கு லட்சக்கணக்கில் உடன்பிறப்புகள், விளிம்புக்கு மிகச் சிலர்: ஒரே பதக்கம் ஒரே நேரத்தில் மலிவாகவும் அரிதாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தேயிலையோடு நேரடித் தொடர்புள்ள பதக்கம் வேண்டுமானால் 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போகலாம். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கியது கால் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. சிகாகோவில் இலங்கைத் தேயிலை விமரிசையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. பரிசு பெற்றவர்களுக்கு வெண்கலப் பதக்கம். கொலம்பஸ் கரையேறும் முன்பக்கத்தைச் சிற்பி செயின்ட் கோடன்ஸ் செய்தார். பின்பக்கத்தை அமெரிக்க நாணயச்சாலையின் சார்ல்ஸ் பார்பர் செய்தார். மொத்தம் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரிசுகள். பின்பக்கத்தில் ஒரு சிறு பலகை. அதில் பெற்றவரின் பெயர் மட்டும் அச்சு மாற்றி அடிக்கப்பட்டது. அந்தப் பலகையில் இலங்கைத் தோட்டம் ஒன்றின் பெயர் இருந்தால் அது மலையக வரலாற்றின் ஆவணம். ஏதோ ஓர் அமெரிக்கத் தையல் இயந்திரக் கம்பெனியின் பெயர் இருந்தால் அது நம் பக்கத்துக்குப் பொதுவான வெண்கலம். இங்கும் அரிது என்பது பெயர் நிற்கும் அந்தச் சிறு இடத்தில்தான்.

எண்ணிக்கை குறைந்தால் அரிது என்ற விதி முழுக்கப் பொய் என்று சொல்ல வரவில்லை. 1795-96-இல் டச்சுக்காரரிடமிருந்து இலங்கையைக் கைப்பற்றியதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கம் பொன்னில் இரண்டு, வெள்ளியில் 121. இதை அரிதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நமக்கு அது இத்தனை என்று துல்லியமாகத் தெரிவதே ஒரு செய்தி. கொடுத்தவர் கணக்கு வைத்தார், பெற்றவர் பத்திரப்படுத்தினார், பின்வந்தவர் நூலில் எழுதினார். கம்பெனிப் பதக்கங்கள் பலவற்றைச் சேகரிப்பாளர்களுக்காகப் பின்னாளில் மறுபடி அடித்துக் கொடுத்ததும் உண்டு. எண்ணிக்கையில் மிகச் சிறியது, நினைவில் மிகப் பெரியதாக நிற்கிறது. டோக்கன்களிலும் இதே கதைதான். தேயிலைக்கு முன் கோப்பி ஆண்ட காலத்தில் மலையிலிருந்து இறங்கிய கொட்டையைக் கொழும்பு ஆலைகளில் பெண்கள் காயவைத்துப் பொறுக்கினார்கள். அந்தக் கூலிக் கணக்குக்கு ஆலைகள் பித்தளை, செப்பு டோக்கன்கள் அடித்தன. ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேக்கந்த ஆலை டோக்கனில் 1843 என்ற ஆண்டே உண்டு. 1869-இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது, டோக்கன்கள் அழியவில்லை. காரணம் எளிது. வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவற்றைப் பொறுக்கிவிட்டார்கள். கோட்ரிங்டன் 1924-இல் வெளியிட்ட இலங்கை நாணயநூலும் 1962-இல் பிரிட்மோர் வெளியிட்ட பட்டியலும் இன்றுவரை இலங்கை நாணயங்களைத் தேடுகிறவருக்குக் கைவிளக்கு. பட்டியலில் ஏறியது பத்திரமாகும். பத்திரமானது மறுபடி பட்டியலில் ஏறும்.

இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பது தகர டிக்கெட். தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரும் செலவை ஒழுங்குபடுத்த இலங்கை அரசு 1901 வாக்கில் இந்த முறையைக் கொண்டுவந்தது. தோட்டம் ஆள் சேர்க்கும் தன் கங்காணியிடம் தகர வில்லைகளைக் கொடுத்தனுப்பும். வில்லையில் தோட்டப் பகுதியைக் குறிக்கும் ஓர் எழுத்து, தோட்டத்தின் பதிவு எண், ஆளின் வரிசை எண். அதை உடம்பில் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் இறங்கி, 1884-இல் ஹட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டிய ரயிலில் மலையேறிவிடலாம். வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். இதை நம்மவர் பேச்சில் வரும் ‘துண்டு’ என்ற சொல்லோடு குழப்பக் கூடாது. துண்டு என்பது இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுத்த காகிதம். 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது. தகரம் ஆளைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. துண்டு ஆளைக் கடனோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றியது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் கட்டுரைகள் அடையாளம் காணும் முதல் படியிலேயே சறுக்குகின்றன.

1911 குடிக்கணக்கில் இலங்கையில் இந்தியத் தமிழர் ஐந்து லட்சத்துக்கு மேல். வருவதும் போவதுமாக ஆண்டுதோறும் கடல் கடந்தவர்கள் பல்லாயிரம். ஆகவே தகர வில்லை எந்த நினைவுப் பதக்கத்துக்கும் இளைத்த எண்ணிக்கையில் இருந்திருக்காது. ஆனால் அது நம் அலமாரிகளில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கான விடை அந்தப் பொருளிலேயே இருக்கிறது. தோட்டத்தில் பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு நின்று, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் ஏறியதும் அதன் வேலை முடிந்தது. மலைநாட்டு ஈரத்தில் தகரம் துருப்பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, தலைமுறைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டில் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டமும் வந்து, இத்தனை வருடம் இங்கே இருந்ததை நிரூபி என்று கேட்டபோது மக்கள் காகிதங்களைத் தேடினார்கள். பெயரில்லாத தகரம் எந்த அலுவலக மேசையிலும் சாட்சி சொல்லியிருக்காது. மலையகத் தமிழரில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு நீலகிரிக்கும் திருச்சிப் பக்கத்துக்கும் போனார்கள். பெட்டியில் இடம் பிடித்தது பாஸ்போர்ட்டும் சாமிப்படமும் பாத்திரமும். அரிதாகிவிட்டது என்று நாம் இன்று சொல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் இப்படி ஒரு நீக்கப் பட்டியல் இருக்கிறது.

இதற்கு மறுப்புகள் வரும். முதலாவது, தகர டிக்கெட் நினைவுப் பதக்கமே இல்லை, இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு என்பது. பொருளின் வகையைச் சொன்னால் இது சரி. நான் அதைப் பதக்கம் என்று பெயர் மாற்றவும் இல்லை. ஆனால் அடையாளம் காணும் முறை இரண்டுக்கும் ஒன்றே: என்ன உலோகம், அடித்ததா வார்த்ததா, எழுத்து எதைக் குறிக்கிறது, எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து வந்தது. போர்ப் பதக்கத்தின் விளிம்பைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தகரத்தின் எழுத்தையும் எண்ணையும் படிக்கத் தெரியும். தோட்டப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் அந்த எண் ஒரு மலையின் பெயராகிவிடும். இரண்டாவது மறுப்பு சந்தையிலிருந்து வருவது: வாங்க ஆள் இருந்தால்தான் அரிது, விலையே அளவுகோல். விலை தேவையைக் காட்டும், இருப்பைக் காட்டாது. வாங்க ஆளில்லாத ஒரே பிரதி மலிவாகவே கிடக்கும், ஆயினும் அது ஒரே பிரதிதான். சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் அருமைப் படிநிலைகளில் மேல்படி என்பது உலகில் ஒன்று முதல் மூன்று பிரதிகள் மட்டும் அறியப்பட்டவை என்று பொருள். அந்த ‘அறியப்பட்டவை’ என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். ஏலக் கடையும் நூல்பட்டியலும் கண்டவற்றையே அது எண்ணுகிறது. லயத்துச் சுவரிடுக்கில் கிடப்பதை அது எண்ணவில்லை.

மூன்றாவது மறுப்பு நம்மவரிடமிருந்தே வரும், அதுவே கனமானது. இவையெல்லாம் வெள்ளைக்காரன் அடித்த உலோகம். அடிமைத்தனத்தின் சின்னத்தை நாம் ஏன் போற்றி வைக்க வேண்டும்? போற்றச் சொல்லவில்லை, படிக்கச் சொல்கிறேன். துரையின் போர்ப் பதக்க விளிம்பில் அவர் பெயர் இருக்கிறது. அவர் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரின் தகரத்தில் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கின்றன. ஒரே காலம், ஒரே மலை, ஒரே அரசு. யாருக்குப் பெயர், யாருக்கு எண் என்று அந்த அரசு நினைத்ததை எந்த ஆணைக்குழு அறிக்கையையும்விடச் சுருக்கமாக இவ்விரண்டு வட்டங்களும் சொல்லுகின்றன. ஒன்றை மட்டும் காத்து மற்றதை எறிந்தால் அந்த வாக்கியத்தின் பாதி அழிந்துபோகும். அழித்தவர்கள் நாமாக இருப்போம்.

ஆகவே தீர்ப்பு இது. பழமை, உலோகம், அச்சுக்கணக்கு ஆகிய மூன்றையும் வைத்து மட்டும் ஒரு பதக்கத்தை அபூர்வம் என்று அறிவிக்கக் கூடாது. விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது, கூட என்ன காகிதம் வந்தது, எந்த வகைக் கைகள் அதைக் காத்தன என்று கேட்ட பிறகே அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அப்படிக் கேட்டால் பங்களாவிலிருந்து வந்த வெள்ளிப் பதக்கங்களில் பல பொதுவானவை என்றும், லயத்திலிருந்து வரக்கூடிய தகரம் பலமடங்கு அரியது என்றும் தெரியவரும். வீட்டில் அப்படி ஏதேனும் இருந்தால் புளி போட வேண்டாம். இருக்கிற நிலையிலேயே முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் படம் எடுங்கள்; விட்டமும் எடையும் குறியுங்கள்; எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாருடைய பெட்டியில் இருந்தது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். விற்பதானாலும் அந்தத் தாளோடு விற்கலாம். கொடுக்க மனமிருந்தால் கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், பழைய லயமொன்றில், 2007 முதல் இயங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. துரைமாரின் பதக்கங்களுக்கு லண்டனில் பதிவேடு உண்டு. தகரத்துக்கு நாம் எழுதும் அந்த ஒரு தாள்தான் பதிவேடு.